ஆளிருக்கும் வீட்டை வாங்குவோர்

ஒரு வீடு விலைக்கு வருகிறதென்று கேள்விப்பட்டதும் நாம் விசாரிக்கின்ற செய்திகள் சில உண்டு. உறுதி சரியானதா, தண்ணீர் வசதி எப்படி, பின்புறத்து மண்மேடு மழைக்குத் தாங்குமா என்று கேட்போம். மலைநாட்டில் அந்த மூன்றாவது கேள்விக்கு உயிரின் விலை உண்டு. இவற்றுக்கெல்லாம் விடை கிடைத்த பின்பு, சற்றே குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் கேட்போம்: "வீட்டில் ஆள் இருக்கிறதா?"

இருக்கிறாரா என்று கேட்பதில்லை. இருக்கிறதா என்றே கேட்கிறோம். ஒழுகும் கூரையையும் கறையான் அரித்த கதவையும் பற்றி விசாரிக்கும் அதே இலக்கணத்தில் மனிதரையும் விசாரிக்கிறோம். "ஆள் இல்லை, காலிதான்" என்றால் விலை ஏறுகிறது. "கீழ்வீட்டில் ஒரு குடும்பம் மாத வாடகைக்கு இருக்கிறது" என்றால் விலை இறங்குகிறது. ஒரு குடும்பம் ஒரு வீட்டில் வாழ்கிறது என்பதே அந்த வீட்டின் குறைபாடாக மதிப்பிடப்படுகிறது. இந்த மதிப்பீட்டில் எங்கோ ஒரு பிழை இருக்கிறது. அதைத் தேடிப் பார்ப்பதே இங்கு நமது நோக்கம்.

நம் வாசகர்களில் பலருக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. லயத்திலே பிறந்து, தோட்டப் பாடசாலையில் படித்து, ஆசிரியராகி, பல ஆண்டுச் சேமிப்போடு வங்கிக் கடனையும் சேர்த்துக்கொண்டு ஹட்டனிலோ கொட்டகலையிலோ நுவரெலியாவிலோ ஒரு வீடு வாங்க முனைகின்ற ஒருவரை மனத்திலே நிறுத்திக்கொள்வோம். சரிவிலே கட்டப்பட்ட வீடு. மூன்று குடும்பங்கள் வாழலாம். மேல்வீட்டில் தாம் குடியேறுவது, நடுவீட்டை வாடகைக்கு விட்டு அதில் வரும் பணத்தால் கடனை அடைப்பது, கீழ்வீட்டில் வேலையிலிருந்து நின்றுவிட்ட தாயைக் கொண்டுவந்து இருத்துவது என்று அவர் கணக்குப் போடுகிறார். கீழ்வீட்டிலோ தையற்காரர் ஒருவர் மனைவி மக்களோடு வாழ்கிறார். எழுத்திலே ஒப்பந்தம் எதுவும் கிடையாது. மாதம் பிறந்தால் வாடகையைக் கொண்டுபோய்க் கொடுப்பார், அவ்வளவுதான். விற்பவர் ஆசிரியருக்குத் தைரியம் சொல்கிறார்: "நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம், சேர். உறுதி எழுதுவதற்கு முன்னரே நான் அவர்களை எழுப்பிவிடுகிறேன்."

ஆசிரியர் என்ன சொல்ல வேண்டும்? இதுதான் வினா.

சட்டத்தைக் கேட்டால் அது ஓரளவுக்கு விடை தரும். இலங்கையின் பொதுச் சட்டத்துக்கு அடிப்படையாக உள்ள உரோம-டச்சுச் சட்டத்திலே ஒரு பழைய கோட்பாடு உண்டு: வாடகை விற்பனைக்கு முந்தியது என்பது. விற்பவனிடம் இல்லாத ஒன்றை வாங்குபவன் பெற முடியாது. குடியிருப்பவரின் உரிமையில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறதோ, அவ்வளவையும் கழித்துக்கொண்டுதான் வீடு கைமாறுகிறது. மாத வாடகைக்காரரைப் பொறுத்தமட்டில் அந்த மிச்சம் மிகச் சிறியது. ஒரு முழு மாத முன்னறிவித்தல், அதற்குமேல் இல்லை. இந்தச் சிறுமையைக் கண்டே வாடகைச் சட்டங்கள் பிறந்தன. 1948ஆம் ஆண்டுச் சட்டமும் பின்னர் 1972ஆம் ஆண்டுச் சட்டமும் வாடகையை உயர்த்துவதற்கும் குடியிருப்போரை வெளியேற்றுவதற்கும் வரம்பு கட்டின. பின்வந்த திருத்தங்கள் அந்தப் பாதுகாப்பின் வட்டத்தைச் சுருக்கின. எந்த வீடு வட்டத்துக்குள், எந்த வீடு வெளியே என்பதை நொத்தாரிசு பார்த்துச் சொல்வார். ஆனால், செய்யக்கூடியது எது என்றுதான் அவர் சொல்வார். செய்யத்தக்கது எது என்பதை நாமே கண்டறிய வேண்டும்.

மலைநாட்டு மக்களாகிய நமக்கு இவ்வினா புதியதன்று. இதுகாறும் அதனை மறுபக்கத்தில் நின்று சந்தித்து வந்தோம் என்பதே வேறுபாடு.

லயம் என்பது என்ன? பல குடும்பங்கள் வாழ்கின்ற ஒரே வீடு. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. முன்னால் ஓர் இஸ்தோப்பு. அவ்வாறு பத்தோ பன்னிரண்டோ ஒரே தகரக் கூரையின் கீழே. சில இடங்களில் முதுகோடு முதுகாக அதனிலும் இருமடங்கு. அங்கே வாழ்பவர் வாடகை கொடுப்பதில்லை. அதனாலேயே அவர் வாடகைக்காரரும் ஆகார்; வாடகைச் சட்டத்தின் நிழலும் அவர்மேல் விழாது. தோட்டத்தில் பெயர் பதிந்திருக்கும் வரையில் காம்பரா அவருக்கு உண்டு. 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் தோட்டத் தொழிலாளியின் வேலை ஒப்பந்தத்தை மாதத்துக்கு மாதம் புதுப்பிக்கப்படுகின்ற ஒன்றாக வகுத்தது. ஒரு மாத முன்னறிவித்தலில் வேலை போகலாம். வேலையோடு வீடும் போகும். பற்றுச்சீட்டு என்ற சொல்லைக் கேட்டாலே நம் பாட்டன்மார் நடுங்கியதற்குக் காரணம் அதுதான். நான்கு தலைமுறை ஒரே காம்பராவில் பிறந்து இறந்திருந்தாலும், சட்டத்தின் கண்ணுக்கு அது மாதத்துக்கு மாதம் தங்கியிருக்கும் குடும்பமே.

இந்தக் கூரைகள் எத்தனை முறை கைமாறியிருக்கின்றன! கோப்பிக் காலத்தில் தனித் துரைமாரிடம் இருந்த தோட்டங்கள் தேயிலைக் காலத்தில் கம்பனிகளின் கைக்குச் சென்றன. அந்நாளிலே தொழிலாளியைத் தோட்டத்தோடு பிணைத்தது கடன். கங்காணி வழியாக ஏற்பட்ட அந்தக் கடனைச் செலுத்தினால் இத்தனை பேரை விடுவிக்கலாம் என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். ஒரு தோட்டத்தின் துண்டை வாங்கி மற்றொரு தோட்டம் பணத்தைச் செலுத்தும். மனிதர் மலை ஏறி மலை இறங்குவர். 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. ஆனால் மனிதரைச் சொத்தின் பற்று வரவுக் கணக்கில் எழுதும் மனப்பான்மை துண்டோடு ஒழிந்துவிடவில்லை. கடன் இருந்தபோது தொழிலாளி வரவுப் பக்கத்தில் எழுதப்பட்டான். உழைப்பு வேண்டாதபோது செலவுப் பக்கத்துக்கு மாற்றப்பட்டான்.

இம்மாற்றத்தை மிகத் தெளிவாகக் காட்டியது கேகாலை மாவட்டத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி. உருளவள்ளி என்று நம்மவர் வழங்கிய நேவ்ஸ்மயர் தோட்டத்தை அரசாங்கம் சுவீகரித்தது. நிலமற்ற கிராமத்து மக்களுக்கு அதைப் பகிர்ந்தளிப்பது நோக்கம். அங்கே வாழ்ந்த தொழிலாளர்களுக்கு வெளியேறும்படி அறிவித்தல் கொடுக்கப்பட்டது. அவர்கள் வெளியேற மறுத்தனர். 1946இல் மலையகம் அவர்களுக்காக வேலைநிறுத்தம் செய்தது. மறுத்தவர்கள்மீது அத்துமீறிக் குடியிருந்த குற்றம் சாட்டப்பட்டது. செல்வநாயகம் என்ற தொழிலாளியின் பெயரில் அமைந்த வழக்கு இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் வரையில் சென்றது. 1950இல் வந்த தீர்ப்பு அவரைக் குற்றவாளி அல்லர் என்று விடுவித்தது. தம் வீடென்று கருதிய இடத்திலேயே தங்கியிருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய முதன்மையான நோக்கம். எதிர்த்தரப்பாருக்கு அதனால் தொல்லை விளையும் என்று அவர் அறிந்திருந்தாலும், தொல்லை தருவதற்காகவே அவர் அங்கே தங்கியிருந்தார் என்று கொள்ள முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பை நாம் இரண்டு முறை படிக்க வேண்டும். முதல்முறை படிக்கும்போது மனம் மகிழ்கிறது. தன் வீட்டில் இருக்க விரும்புவது குற்றமாகாது என்று ஒரு பேரரசின் உச்ச மன்றம் ஒப்புக்கொண்டுவிட்டது. இரண்டாம் முறை படிக்கும்போதுதான் அதன் எல்லை தெரிகிறது. அந்த மனிதர் குற்றவாளி அல்லர் என்று சொன்ன மன்றம், அவருக்கு அந்த வீட்டிலே உரிமை உண்டு என்று சொல்லவில்லை. சிறைக் கதவு அவருக்கு அடைக்கப்பட்டது. வீட்டுக் கதவு திறந்து கொடுக்கப்படவில்லை. குற்றமின்மைக்கும் உரிமைக்கும் இடையிலுள்ள அந்த இடைவெளியிலேதான் மலைநாட்டு மக்களின் வாழ்க்கை நெடுங்காலம் கழிந்தது. வழக்கு நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிற்று. தமிழிலே குடி என்ற சொல் குடும்பத்தையும் குறிக்கும், குடியிருப்பையும் குறிக்கும், நாட்டின் குடியையும் குறிக்கும். அந்த மூன்றும் ஒருங்கே ஆட்டங்கண்ட காலம் அது.

இங்கே நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கசப்பான வினா ஒன்றுண்டு. நேவ்ஸ்மயரை வாங்கியவர் இலாபம் தேடிய வணிகர் அல்லர். நிலமற்ற கிராமத்து மனிதனுடைய பசியும் பொய்யன்று. அவனது நிலத்தைத்தான் முன்னொரு காலத்தில் வெள்ளை ஆட்சி தரிசு நிலமென்று சொல்லி எடுத்துக்கொண்டது. நோக்கம் நல்லதாக இருந்தும், அங்கே ஏற்கெனவே வாழ்ந்த ஏழையைக் காணாதிருந்தமையால் அது அநீதியாயிற்று. அடுத்து வந்த கால் நூற்றாண்டிலும் இந்தக் கதை திரும்ப நடந்தது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. இடதுசாரிக் கட்சிகள் பங்குகொண்ட அரசாங்கம் அது. பெருந்தோட்டத்துறைக்கு அமைச்சராக இருந்தவரும் இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வாதான். கம்பனிகளின் பிடியிலிருந்து நிலம் மீட்கப்பட்டதை முற்போக்கான நடவடிக்கை என்று நாம் வரவேற்றோம், வரவேற்றது தவறுமன்று. ஆனால் புதிய சொந்தக்காரன் வந்தபோது லயத்திலிருந்த மக்களுக்கு என்ன ஆகும் என்ற கேள்வியை நாம் போதுமான உரத்த குரலில் எழுப்பினோமா? கண்டிப் பகுதியில் பல தோட்டங்களிலிருந்து தொழிலாளர் துரத்தப்பட்டனர். 1977இல் நுவரெலியா மாவட்டத்தில் ஏழாயிரம் ஏக்கர் தோட்ட நிலத்தைப் பிரித்துக் கொடுக்க முயற்சி நடந்தபோது தொழிலாளர் திரண்டெழுந்தனர். அந்த ஆண்டு மே 11ஆம் நாள் டெவன் தோட்டத்தில் போலீசாரின் துப்பாக்கிச் சூட்டில் சிவனு லெட்சுமணன் உயிர்நீத்தார். அந்த உயிரைக் கொடுத்த பின்னரே அம்முயற்சி நின்றது.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளுக்குச் சென்றது. பின்னர் அது 53 ஆண்டுக் குத்தகையாயிற்று. அக்குத்தகை 2045 வரையில் செல்லும். துரைமார் மாறினர், கம்பனி மாறியது, அரசு வந்தது, மீண்டும் கம்பனி வந்தது. ஒவ்வொரு முறையும் ஆவணங்களில் ஏக்கர்க் கணக்கு இருந்தது; தொழிற்சாலையின் இயந்திரங்கள் இருந்தன; கட்டடங்கள் இருந்தன. கட்டடங்களுக்குள் வாழ்ந்தோரிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை.

இவ்வரலாற்றிலிருந்து ஒரு கோட்பாட்டை வகுக்க முயல்வோம். ஆளிருக்கும் வீட்டை வாங்குபவன் எதை வாங்குகிறான்? சுவரையும் கூரையையும் நிலத்தையும் வாங்குகிறான் என்பதில் ஐயமில்லை. ஆனால் பத்தாண்டு வாழ்ந்த ஒரு குடும்பம் அவ்விடத்திலே தானே உண்டாக்கிய சில பொருள்கள் இருக்கின்றன. பிள்ளைகளின் பாடசாலை நடந்துபோகும் தொலைவில் இருக்கிறது. மூலைக்கடையில் மாத முடிவு வரையில் கடன் தருகிறார்கள். தையற்காரருக்குத் துணி கொண்டுவருவோர் அந்த வாசலை அறிவார்கள். இரவில் நோய் கண்டால் எந்தக் கதவைத் தட்டலாம் என்று மனைவிக்குத் தெரியும். இவை எவையும் விற்பவருடைய சொத்து அல்ல. ஆகவே அவர் இவற்றை விற்கவும் முடியாது, வாங்குபவர் வாங்கவும் முடியாது. ஆனால் இவற்றை அழிக்கின்ற அதிகாரம் மட்டும் உறுதியோடு சேர்ந்து கைமாறுகிறது. தான் படைக்காததும் விலை கொடுக்காததுமான ஒன்றை அழிக்கும் அதிகாரம் ஒருவனிடம் வந்து சேருமானால், அதனைக் காக்கும் கடமையும் அவனிடம் கூடவே வந்து சேர்கிறது. உறுதியில் எழுதப்படாத வரி அது. எனினும் அதையும் சேர்த்தே அவன் கையொப்பமிடுகிறான்.

இதற்கு மறுப்புகள் வரும். முதலாவது மறுப்பு, ஆசிரியரைக் கம்பனியோடு ஒப்பிடலாமா என்பது. ஆயிரக்கணக்கான ஏக்கரை ஆள்கின்ற நிறுவனம் எங்கே, வட்டிக்குக் கடன் வாங்கி மூன்று அறைக்கு ஏங்குகின்ற மனிதர் எங்கே? ஒப்புக்கொள்கிறோம். தொழிலாளியின் வேலைகொடுப்போனே வீட்டுக்காரனாகவும் இருக்கும்போது வேலைநிறுத்தம் செய்பவன் அன்றே தெருவுக்கு வருவான் என்பதை 1872இல் எங்கெல்ஸ் வீட்டுப் பிரச்சினை பற்றிய தமது கட்டுரைகளில் எடுத்துக் காட்டினார். அந்த இரட்டைப் பிடி ஆசிரியரிடம் இல்லை. தையற்காரரின் உழைப்பு அவருக்குச் சொந்தமன்று. அளவில் வேறுபாடு உண்டு, வகையிலும் வேறுபாடு உண்டு. ஆனால் ஒன்று மட்டும் பொதுவானது: ஒரு மாத முன்னறிவித்தலை வாங்குபவனுக்கு எத்தனை ஏக்கர் இருக்கிறது என்பது தெரியாது. கம்பனி கொடுத்தாலும் ஆசிரியர் கொடுத்தாலும் முப்பது நாளில் மூட்டை கட்ட வேண்டியவன் அவன்.

இரண்டாவது மறுப்பு இதனினும் கடினமானது. கீழ்வீடு வேண்டியிருப்பது தாய்க்காக. அந்தத் தாய் நாற்பதாண்டு கொழுந்து பறித்தவள். வேலையிலிருந்து நின்ற பின், குடும்பத்தில் எவர் பெயரும் தோட்டத்தில் பதிந்திராத நிலையில், காம்பராவில் இருக்கலாமா கூடாதா என்ற அச்சத்தோடு நாள் கழிப்பவள். அவளுக்கு ஒரு நிலையான கூரை வேண்டாமா? வேண்டும். தாயின் உரிமையும் மெய், தையற்காரரின் உரிமையும் மெய். இரண்டு ஏழைகளை ஒரே கதவின் முன் நிறுத்தி ஒருவரை உள்ளே விடச் சொல்கின்ற ஒரு சமுதாய அமைப்பில், எந்தத் தீர்வும் முழுத் தூய்மையுடையதாக இராது. அதற்காகத் தீர்வுகள் எல்லாம் ஒரே தரம் என்று ஆகிவிடாது.

முதலாவதாக, "நான் எழுப்பிவிடுகிறேன்" என்று விற்பவர் சொன்னபோதே ஆசிரியர் அதைத் தடுத்திருக்க வேண்டும். காலி வீடு கேட்பவன் தன் கையைச் சுத்தமாக வைத்துக்கொண்டு மற்றவன் கையால் ஒரு குடும்பத்தை வெளியேற்றுகிறான். அறியாதவர்போல் இருப்பது அறியாமை ஆகாது. வெளியேற்றியே தீரவேண்டுமாயின், அதைச் செய்பவர் அந்தக் குடும்பத்தின் முகத்தைப் பார்த்துத் தம் வாயாலேயே சொல்ல வேண்டும். அப்போதுதான் அது உண்மையில் தேவைதானா என்பது அவருக்கே தெரியவரும். நடுவீட்டை வாடகைக்கு விடும் திட்டம் இருக்கும்போது, தாயை நடுவீட்டில் இருத்திக் கீழ்வீட்டு வாடகையை முன்போல வாங்கிக்கொள்ள முடியாதா என்ற எளிய கேள்வி அந்த முகத்தைப் பார்க்கும்போதுதான் பலருக்குத் தோன்றும். படியேற முடியாத தாய் என்றால் தையற்காரரை நடுவீட்டுக்கு அழைக்கலாம். வாடகை கூடவேண்டுமாயின் அதைப் பேசித் தீர்க்கலாம். முன்னறிவித்தலைக் கையிலே பிடித்துக்கொண்டு வாடகை பேசுவதோ பேச்சன்று, மிரட்டல். எந்த வழியும் இல்லையென்றால், பிள்ளைகளின் பாடசாலை ஆண்டு முடியும் வரையில் காலம் கொடுப்பதும், வேறு வீடு தேட உடன் செல்வதும், இடம் பெயரும் செலவை ஏற்றுக்கொள்வதும் கடன்கள். அவற்றைத் தருமம் என்று சொல்லிக்கொள்ள வாங்கியவருக்கு உரிமையில்லை.

"இவ்வளவும் செய்தால் வீட்டின் விலையில் இன்னும் ஒரு பங்கு கூடிவிடுமே" என்பார்கள். கூடட்டும். ஆளிருக்கிறது என்று சொல்லித்தானே விலை குறைக்கப்பட்டது? குறைத்து வாங்கிய அந்தப் பணம் யாருடையது? குடியிருப்பவரைச் சுமை என்று காட்டி விலையைக் குறைத்துக்கொண்டு, மறுமாதமே அந்தச் சுமையை இறக்கிவிட்டு முழுமதிப்பையும் அனுபவிப்பவன், அந்த இடைவெளியைத் தையற்காரரின் பையிலிருந்தே எடுக்கிறான். இதற்குப் பெயர் சுரண்டல் என்று வகுப்பறையிலும் சங்கக் கூட்டத்திலும் நாம்தான் கற்பிக்கிறோம். ஊருக்கு உபதேசம் செய்வது எளிது. நம் பெயரில் உறுதி எழுதப்படும் நாளில் அந்த உபதேசம் எங்கே போகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒன்று எஞ்சி நிற்கிறது. நல்ல வீட்டுக்காரர் ஒருவர் வாய்ப்பது குடியிருப்பவருக்கு அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தின்மேல் ஒரு மனிதனுடைய வாழ்க்கை நிற்கக் கூடாது. நல்ல துரைமாரும் இருந்தார்கள் என்று நம் முதியோர் சொல்வதுண்டு, இருந்திருக்கலாம். அவர்களும் ஒருநாள் ஓய்வுபெற்றுக் கப்பலேறினார்கள். அடுத்த துரை வந்தார். கருணை ஆளோடு போய்விடும். உரிமை இடத்தோடு நிற்கும். இங்கிலாந்திலே பண்ணைத் தொழிலாளரின் வேலையோடு ஒட்டிய குடிசைகளுக்குக்கூட 1976இல் ஒரு தனிச் சட்டம் பாதுகாப்புக் கொடுத்தது. அண்மைக் காலத்தில் மலைநாட்டில் ஏழு பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் என்ற கோரிக்கை அரசின் திட்டமாக மாறியிருப்பதும், பல சரிவுகளில் தனி வீடுகள் எழுந்திருப்பதும் அத்திசையில் வைத்த அடிகளே. ஆயினும் இன்னும் லயங்களிலே வாழ்வோர் பலர். நகரங்களின் பின்சந்துகளில் மாதத்துக்கு மாதம் வாழ்வோரும் பலர். தோட்டத்திலிருந்து தப்பி நகரத்துக்கு வந்தவர்களில் எத்தனையோ பேர் காம்பராவை விட்டு வாடகை அறைக்கு மாறியிருக்கிறார்கள். மாதக் கணக்கை விட்டு மாறவில்லை.

ஆகவே நமது கடமை இரண்டு. தம் வீட்டிலிருந்து எவரும் ஒரு மாதச் சீட்டினால் தூக்கியெறியப்படாத சட்டத்துக்காகவும், உழைக்கும் மக்கள் யாவருக்கும் சொந்தக் கூரைக்காகவும் ஒன்றுகூடிப் போராடுவது ஒன்று. அந்தச் சட்டம் வரும்வரையில், அது ஏற்கெனவே வந்துவிட்டதுபோல நம் சொந்த வீட்டளவில் நடந்துகொள்வது மற்றொன்று. இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதைப் பேசுகின்ற நாவுக்கு வலிமை இராது.

நமது ஆசிரியர் நாளை நொத்தாரிசிடம் போகிறார். போகிற வழியில் அவர் கீழ்வீட்டுக் கதவைத் தட்டட்டும். உள்ளே தையல் இயந்திரத்தின் ஓசை நிற்கும். புதிய வீட்டுக்காரர் வந்திருக்கிறார் என்ற அச்சத்தோடு ஒரு மனிதர் எழுந்து வருவார். அந்த அச்சத்தை ஆசிரியர் அறிவார். பெரட்டுக்களத்திலே புதிய துரையின் முதல் வார்த்தைக்காகத் தம் தந்தை நின்ற நிலையில் அதைக் கண்டிருக்கிறார். அன்று தந்தை எந்த வார்த்தையைக் கேட்க விரும்பினாரோ, அந்த வார்த்தையை இன்று அவர் தையற்காரருக்குச் சொல்லட்டும். அதன் பிறகு உறுதியில் கையொப்பமிடலாம்.